அவள் பேரில் ஒரு பாடு

அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஜெர்மனியிலிருந்து ஆறு மாதம் படிக்க வந்தாள். எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தமிழ் தெரியும் என்று சொன்னாள், சொன்னபடி தெரிந்தும் இருந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதால் 'அக்கா' என்று கூப்பிட்டாள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது.

வந்த இரண்டு மாதத்தில், நான் இருபத்து மூன்று வருஷமாகப் பார்த்த சென்னையைவிட அதிகமாக அவள் பார்த்துவிட்டாள். மாமல்லபுரம், பழவேற்காடு, பரங்கிமலை எல்லாம் முடிந்தது. வியாசர்பாடிக்குப் போய்ப் பெண்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கே கதை சொன்னாள். நான் மெரினாவுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவள் ஊர் சுற்றினால் அதற்கு மார்க் உண்டு. 'நகரத்தில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, பார்த்ததை எழுது' என்று அவளுடைய பல்கலைக்கழகமே சொல்லி அனுப்பியிருந்தது. நான் ஊர் சுற்றினால் எங்கள் குப்பத்தில் அதற்கு வேறு பேர்.

அவள் தன்னுடைய அந்த ஒரு நாளைப் புத்தகக் கடைகளுக்கு என்று ஒதுக்கினாள். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீதான்மா கூடப் போகணும். உனக்குப் பழைய புத்தகக் கடையெல்லாம் அத்துப்படியாச்சே" என்றார். அத்துப்படிதான். ஆனால் அதற்கான காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில். ஆறு கடலில் சேருகிற இடம். அங்கே யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. நல்ல இடங்கள் கொஞ்சம்தான், அதனால் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு இந்த இடத்தில் உன் பாடு, நாளைக்கு என் பாடு. கரையில் ஊரே கூடி நின்று, யாருக்கு எந்தப் பாடு என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பாடு. தலைக்கட்டு என்றால் ஆண்பிள்ளை. என் நைனாவுக்கு உண்டு, இரண்டு சித்தப்பாக்களுக்கும் உண்டு. அம்மாவுக்குக் கிடையாது, எனக்கும் கிடையாது. வந்த இறாலைப் பெரிசு சின்னது என்று பிரிப்பதுதான் எங்கள் வேலை.

அந்த ஆற்றின் ஒரு பக்கத்தில் மண் கொட்டி சாலை போடப் போவதாக நோட்டீஸ் வந்தது. பாடு விழுகிற நல்ல இடங்களில் பாதி அந்தப் பக்கம்தான். ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, "பாடு பாடுங்கிறீங்களே, எழுத்துல ஏதாவது இருந்தா காட்டுங்க" என்றார் அதிகாரி. ஊர் நோட்டு ஒன்று இருந்தது. அது ஒரு வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. அதைத் தவிர, நைனாவுக்குச் சின்ன வயதாக இருந்தபோது யாரோ ஒரு அதிகாரி குப்பத்தில் இரண்டு மாதம் தங்கி, எந்த இடம், யார் யாருக்குப் பாடு என்று ஒன்று விடாமல் எழுதி, அரசாங்கத்தில் அச்சுப் போட்டார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். மெல்லிசான புத்தகம், தவிட்டு நிற அட்டை. நூலகங்களிலும் ஆவணக் காப்பகத்திலும் இல்லை என்றார்கள். அதைத்தான் நான் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சாலையைப் பற்றிய விசாரணை அடுத்த புதன்கிழமை. அதற்குள் காட்டாவிட்டால் மண் லாரி வந்துவிடும்.

குப்பத்திலிருந்து முதன்முதலாக எம்.ஏ. வரைக்கும் வந்தவள் நான். படித்தவள் என்றால் என்ன பிரயோஜனம் என்று அம்மாவே கேட்டிருக்கிறாள். அந்தப் புத்தகத்தை நான் கொண்டுவந்து ஊர் நடுவில் போட வேண்டும். அப்போது எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை, மறைக்க என்ன இருக்கிறது.

சனிக்கிழமை காலை மவுண்ட் ரோடில் அவளைப் பார்த்தேன். தோளில் துணிப்பை, கையில் சின்ன நோட்டு. முதலில் ஏ.சி. போட்ட பெரிய கடை. வாசலில் இருந்த காவலாளி என் பையை வாங்கி டோக்கன் கொடுத்தார். அவளுடைய பை அவள் தோளிலேயே உள்ளே போனது. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தாள். நான் ஒருமுறை அதே கடையில் நின்றபடி பத்து பக்கம் படித்ததற்கு, "வாங்குறீங்களா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். அவளைத் தாண்டிப் போன கடைப்பையன் சிரித்துவிட்டுக் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு போனான்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி. அவள் ஒவ்வொரு கடையிலும் நின்று, புத்தகத்தின் முதல் பக்கத்தில் முன்பு வைத்திருந்தவர்கள் எழுதிய பேரையும் ஊரையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். யாரோ ஒரு பெண் தன் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது, யாரோ ஒருவர் ரயில்வேயில் வேலை கிடைத்த அன்று வாங்கியது. "புத்தகங்கள் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போயின என்று எழுதப் போகிறேன் அக்கா" என்றாள். நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆத்திரமாக வந்தது. வெயிலில் அவள் மூக்கு சிவந்து போயிருந்தது. அது ஒன்றுதான் அன்று மதியம் வரைக்கும் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

பிரியாணி சாப்பிடும்போது கேட்டாள், "நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் அக்கா? ஒவ்வொரு கடையிலும் அடியில் இருக்கிற கட்டைத்தான் முதலில் பார்க்கிறீர்கள்."

"சும்மாதான்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையும் நோட்டில் எழுதுவாள். எங்கள் ஆறு, எங்கள் பாடு, எங்கள் வழக்கு எல்லாம் அவளுடைய கட்டுரையாகி, ஜெர்மனியில் யாரோ கை தட்டுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. என் தட்டில் முட்டை இல்லை என்று தன்னுடையதை எடுத்து வைத்தாள்.

கடைசியாக சென்ட்ரல் பக்கத்தில் இருக்கிற பழைய புத்தகக் கடைகள். அதில் மூலைக்கடை என் கடை. என் கடை என்று நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷமாக மாதம் ஒரு தரமாவது அங்கே போய் நிற்பேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவருக்கு என்னைத் தெரியும், பரீட்சை கைடு வாங்குகிற பொண்ணு என்று. ஒருமுறை கைடு வாங்கியதுதான் நான் செய்த தப்பு. தவிட்டு அட்டைப் புத்தகத்தைப் பற்றி எத்தனை தடவை விசாரித்திருப்பேன். "அத்தெல்லாம் எங்கம்மா வருது? பேப்பர்காரன் எடைக்குப் போட்ருப்பான்" என்பார். ஒரு தடவைகூட உட்காரச் சொன்னதில்லை.

அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார், அவளுக்கு மட்டும். அப்புறம் என் ஞாபகம் வந்து, "இன்னொன்னு சொல்லு" என்று குரல் கொடுத்தார். அவள் தமிழில் பேசியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய சென்னையைப் பற்றி ஏதாவது இருக்குமா என்று கேட்டாள்.

"கீதே! மேல கீது மேடம். வாங்க காட்றேன்."

மேலே என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கடைக்குள் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு இரும்பு ஏணி. ஏணிக்கு மேல் பரண். இரண்டு வருஷம், மாதம் ஒரு தரம், அந்தத் திரைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அவள் வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை.

நானும் பின்னாலேயே ஏணியில் கால் வைத்தேன்.

"நீ இங்கயே இரும்மா. பலகை தாங்காது, ரெண்டு பேரு ஏறினா பேஜாராப் பூடும்."

அவர் ஏறினார், அவள் ஏறினாள். அப்போது பலகை தாங்கியது. நான் கீழே இரண்டு டீ கிளாஸோடு நின்றேன். மேலே கட்டு அவிழ்க்கிற சத்தமும் அவள் தும்முகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏணியில் ஏறினாள் என்பதற்காக எவளாவது அழுவாளா? நான் அழுதேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஏழெட்டுப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு இறங்கினாள். முடியெல்லாம் ஒட்டடை. ஸ்டூலில் பரப்பி ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினாள். ஐந்தாவதாக எடுத்ததுதான் அது. மெல்லிசாக, தவிட்டு நிற அட்டை, ஒரு மூலை எலி கடித்திருந்தது.

"அக்கா, இதில் எண்ணூர் என்று வருகிறது. உங்கள் ஊர்தானே? நல்ல புத்தகமா?"

வாங்கித் திறந்தேன். நடுப்பக்கத்தில் பட்டியல். இடத்தின் பேர், அதற்கு எதிரே ஆட்களின் பேர். மூன்றாவது வரியில் என் நைனாவின் அப்பா பேர், அவருடைய அப்பா பேரோடு சேர்த்து. எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இவள் ஏன் எடுத்தாள்? இரண்டு வருஷம் தேடியவள் நான், ஒரு மதியத்தில் எடுத்தவள் இவளா? ஊரில் கேட்டால் 'ஜெர்மன்காரப் பொண்ணு எடுத்துக் கொடுத்தது' என்றா சொல்வேன்?

"இது சும்மா அரசாங்கக் கணக்கு. ஒண்ணும் இருக்காது. உனக்கு எதுக்கு சுமை?" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. அவள் தலையாட்டி, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதாக, அதை ஒதுக்கி வைத்தாள். மற்றதை வாங்கிக்கொண்டாள். கடைக்காரர் ஒதுக்கியதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். திங்கட்கிழமை காலையில் நான் தனியாக வருவேன், நானே வாங்குவேன், அப்போது கண்டுபிடித்தவள் நான் என்று கணக்குப் போட்டேன். ரயிலில் எண்ணூர் வரைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்று வீட்டில் நைனா, "இன்னாம்மா, அந்தப் புக்கு கெடிக்குமா கெடிக்காதா?" என்று கேட்டார். "கிடைக்கும் நைனா" என்றேன். அவர் வலையைத் தைக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, எந்தப் பரீட்சை?"

"சனிக்கிழமை மேலேருந்து எடுத்தீங்களே, தவிட்டு அட்டை. அது வேணும்."

"மேலயா? மேல ஒன்னும் இல்லம்மா. கைடெல்லாம் கீழதான் கீது."

"நான் பார்த்தேனே. அந்தப் பொண்ணு கையில இருந்தது."

"அது அந்த மேடம் கேட்டாங்கோ, எடுத்தேன். ஒனக்கு எதுக்கு அது? சும்மா எடுத்துப் பாத்துகினு வெச்சிட்டுப் பூடுவே. எனக்கு ஏறி எறங்க முட்டி வலிக்குது."

பணம் எடுத்து நீட்டினேன். பணத்தைத் தொடாமல், அப்புறம் பார்க்கலாம் என்று கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். எங்கள் குப்பத்தைப் பற்றிச் சொன்னேன், விசாரணையைப் பற்றிச் சொன்னேன். ஊரில் நான் பேசுகிற மாதிரியே சத்தம் போட்டும் பார்த்தேன். "காலங்காத்தால கலாட்டா பண்ணாத, போம்மா" என்றார். அதோடு சரி.

சென்ட்ரல் வாசலில், ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், அரை மணி நேரம் நின்றேன். போனை எடுப்பேன், உள்ளே வைப்பேன். நான் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாளை மறுநாள் புதன்கிழமை. கடைசியில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாடு என்றால் என்ன என்பதிலிருந்து, ஏணிக்குக் கீழே நான் நின்றது வரைக்கும். "வருகிறேன் அக்கா" என்றாள்.

தங்கியிருந்த அடையாறிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். தலைகூட வாரவில்லை. கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்தார். அவள் உட்காரவில்லை. "அண்ணா, அந்தத் தவிட்டு அட்டை" என்றாள். முட்டி வலிக்காரர் ஏணியில் ஏறி, இரண்டு நிமிஷத்தில் இறங்கினார். அவள் வாங்கி, அங்கேயே, அவர் எதிரிலேயே, என் கையில் கொடுத்தாள்.

"இதை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள் அக்கா, சனிக்கிழமை. ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்" என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை விசாரணையில் புத்தகத்தை மேஜைமேல் வைத்தோம். அதிகாரி புரட்டினார், ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். விசாரித்து முடிக்கும் வரைக்கும் மண் கொட்ட வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தார். முழு ஜெயம் இல்லைதான். ஆனாலும் லாரி வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் ஊர்க்கூட்டம். என் தோழி என்று அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு கண்டுபுட்ச்சது இத்த?" என்றார். நைனா நெஞ்சை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. நான் எதற்காக இரண்டு வருஷம் அலைந்தேனோ, அது அந்த நிமிஷம்தான். 'நான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் வாயைத் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை.

"தேடினது நான். எடுத்துக் குடுத்தது இந்தப் பொண்ணு. எடுத்தப்போ வேணாம்னு சொன்னதும் நான்தான்" என்றேன்.

கடைசி வரி யார் காதிலும் ஏறவில்லை. முதல் வரிகூட ஏறியதா தெரியாது. பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஆண்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். கோயிலுக்கு என்று வருஷத்தில் ஒரு நாள் பாடு விடுவது எங்கள் வழக்கம். அதேபோல ஒரு பாடு இந்தப் பெண் பேரில் விடலாம், அன்றைக்கு வருகிற மீன் அவளுக்கு, அவள் ஊருக்குப் போன பிறகும் அவள் பேர் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்தது, இந்தத் தடவை வெயிலால் இல்லை.

ஊருக்குப் புது நோட்டு வாங்கியிருந்தார்கள். "படிச்சவ நீதானே, ஒயுங்கா எழுது" என்று தலைவர் என் மடியில் போட்டார். தவிட்டு அட்டையைப் பார்த்து இடங்களின் பேரை எழுதினேன். அதற்கு எதிரே இப்போதைய ஆட்களின் பேர். நைனா பேர், சித்தப்பாக்கள் பேர், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்து எட்டாவதில் நின்றவன் பேர். ஒரு பேர்கூட விடவில்லை.

"கீய அந்தப் பொண்ணு பேர எயுது" என்றார் தலைவர்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நைனாவைப் பார்த்தேன். "இன்னா நைனா, எம்பேரு?"

நைனா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "ஒனக்கு எதுக்குடி பாடு? அதான் நான் கீறேனே."

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் பேரில் தமிழ் எழுத்துக்கு வராத ஒரு சத்தம் உண்டு. எப்படி எழுத வேண்டும் என்று அவளையே கேட்டு, அவள் சொல்லச் சொல்ல, கடைசி வரியில் அழகாக எழுதிக் கொடுத்தேன்.